பேச்சு வராத பிள்ளைக்கு: கண்டிச் சீமையில் வசம்பு முதல் விற்றமின் வரை

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டங்களிலும், பேச்சுப் பிந்தும் பிள்ளைக்கு வாய்வழியாக ஏதேனும் கொடுத்துப் பார்ப்பது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். முன்பு அது உரைத்த வசம்பாகவும் வல்லாரைச் சாறாகவும் இருந்தது. பிறகு மீனெண்ணெயாகவும் ஆனது. இன்று, ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு வீடு திரும்பும் பெற்றோரின் காதில் விற்றமின் பி6, மகனீசியம், பி12, ஃபோலினிக் அமிலம், ஒமேகா-3 ஆகிய பெயர்கள் விழுகின்றன. கொடுப்பதா, விடுவதா என்று அவர்கள் தயங்கும் வேளைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. சத்துக் குறைவால் வந்த நோயைச் சத்தால் தீர்த்த உண்மையான வெற்றிகள் அதில் உண்டு. சத்துக் குறைவால் வராத ஒன்றை அதே வழியில் தீர்க்க எடுத்த முயற்சிகளும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இன்றைய கேள்விக்கு விடை தெளிவாகும்.

ஓட்டிசம், தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்லப்படுவது, மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. கண்ணோடு கண் பார்ப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது, பேசுவது, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது ஆகியவற்றில் அது வெளிப்படுகிறது. இந்தப் பெயர் வருவதற்கு முன்பும் அத்தகைய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை ஊர் வேறு பெயர்களால் அறிந்திருந்தது.

கண்டி இராச்சியத்தின் வீட்டு வைத்தியம்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்றபின் 1681 இல் வெளியிட்ட நூலில் மலைநாட்டு மக்களின் வைத்தியத்தையும் விவரித்தார். அங்கே அநேகமாக எல்லோருக்கும் ஓரளவு மருந்து தெரியும் என்பதும், காடே அவர்களுடைய மருந்துக்கடை என்பதும் அவர் கண்டவை. இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமானபின் அங்கே வந்த படை வைத்தியர் ஜோன் டேவி, 1821 இல் அச்சான தமது நூலில் கண்டி வைத்தியத்தின் கோட்பாட்டை எழுதினார். வாதம், பித்தம், சிலேத்துமம் என்ற மூன்றின் நிலை குலைவதே நோய் என்பது அதன் அடிப்படை. அந்த நிலையைத் திரும்ப ஒழுங்காக்குவதில் மருந்துக்கு நிகரான இடம் உணவுக்கு இருந்தது. சூடு, குளிர்மை என்று உணவைப் பகுப்பதும், மருந்து உண்ணும் காலத்தில் பத்தியம் காப்பதும் சிங்களவருக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான அறிவாக வேரூன்றின.

குழந்தைகளின் நோய்க்குத் தனி விளக்கங்கள் இருந்தன. காரணம் தெரியாமல் மிரண்டு அழும் குழந்தைக்கு, உடல் தேறாத குழந்தைக்கு, சிங்களவர் பாலகிரி தோஷம் என்றும் தமிழர் பாலகிரக தோஷம் என்றும் பெயர் சொன்னார்கள். கண்டி தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பத்தினி தேவாலயத்தில் நேர்த்தி வைப்பதும், கிரி அம்மா எனப்படும் பால்தாய்மார் எழுவரை அழைத்து அமுது படைப்பதும் பிள்ளைகளின் நலத்துக்காக நடந்த சடங்குகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1984 இல் வெளியான பத்தினி வழிபாடு பற்றிய தமது பெருநூலில் இந்த உலகத்தை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

சடங்கோடு மருந்தும் சேர்ந்தே சென்றது. தாய்ப்பாலில் பொன்னை இழைத்துப் பிறந்த குழந்தையின் நாவில் தொடுவது சிங்கள வழக்கம். அறிவும் வாக்கும் சிறக்கும் என்பது அதன் நோக்கம். கொட்டுகொல எனச் சிங்களத்திலும் வல்லாரை எனத் தமிழிலும் அழைக்கப்படும் கீரை நினைவாற்றலுக்கானது என்ற நம்பிக்கை இரு மொழியினருக்கும் பொது. கண்டிச் சந்தையில் இன்றும் அது கட்டுக்கட்டாக விற்கப்படுகிறது, காலையில் இலைக்கஞ்சியாகிறது. உணவாக அது நல்ல கீரை. மூளை வளர்ச்சியில் வேறுபாடுள்ள பிள்ளையைப் பேசவைக்கும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று கிடையாது.

தோட்டத்துக்கு வந்த உரைகல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பியும், 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டதைத் தொடர்ந்து தேயிலையும் கண்டி மலைகளை மூடின. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளர் அந்த நிலத்தைக் கண்டிச் சீமை என்றார்கள். அவர்கள் கொண்டுவந்த சொத்துகளில் ஒன்று பிள்ளை வைத்தியம்.

அதன் நடுவே இருந்தது உரைமருந்து. கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றை அவித்து உலர்த்தி வைத்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டியபின் ஒவ்வொன்றையும் கல்லில் சில சுற்று உரைத்து, தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ குழைத்துப் புகட்டுவார்கள். வசம்பை விளக்கெண்ணெய் தடவி விளக்குச் சுடரில் காட்டிக் கரியாக்கி உரைப்பதும் உண்டு. அப்போது லயத்தின் காம்பிரா முழுவதும் அதன் காரமான வாடை நிறையும். கல்லில் இறங்கும் கறுத்த குழம்பை விரல்நுனியால் தொட்டு நாவிலும் உள்ளங்காலிலும் வயிற்றிலும் தடவுவார்கள். மிஞ்சிய துண்டுகளை நூலில் கோத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பெயர். இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பேர் சொல்லா மருந்து என்று இன்னொரு பெயர். சமஸ்கிருதத்தில் வசா என்ற பெயரே பேச்சோடு தொடர்புடையதாக விளக்கப்படுகிறது. நாக்குத் திரும்பாத பிள்ளைக்கு வசம்பைத் தேனில் உரைத்துத் தடவும் வழக்கம் இந்தத் தொடர்பிலிருந்து வலுப்பெற்றது.

பிற்கால ஆய்வுகள் வசம்பின் மறுபக்கத்தைக் காட்டின. அதன் எண்ணெயில் உள்ள பீற்றா-அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், 1968 இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அளவு மீறி உள்ளே சென்றால் குழந்தைகளுக்கு வாந்தி ஏற்படுவதும் மருத்துவர்கள் அறிந்தது. நெடுங்காலம் கையாளப்பட்டது என்பதாலேயே ஒரு பொருள் குழந்தைக்குத் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இது நெருக்கமான உதாரணம்.

1872 இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டம் வந்தபின் மலைநாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளும் மருந்துச்சாலைகளும் பெருகின. தோட்ட டிஸ்பென்சரியில் போத்தலை நீட்டிக் கலவை வாங்கிவரும் பழக்கம் அங்கே தொடங்கியது. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அங்கே போனவர்கள், பேசாத பிள்ளையை அங்கே கொண்டுபோகவில்லை. அது நோயாகவே எண்ணப்படவில்லை. “ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்” என்ற ஆறுதலும், கோயில் நேர்த்தியும், உரைகல்லும் அந்த இடத்தை நிரப்பின.

சத்து மருந்து பெற்ற வெற்றிகள்

விற்றமின் மீதான நம்பிக்கை வெறும் விளம்பரத்தால் உண்டானது என்று எண்ணினால் வரலாறு பிழையாகிவிடும். இலங்கையில் அது உயிர்காத்த அனுபவத்திலிருந்து வந்தது.

கால்கள் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து மாளும் பெரிபெரி நோயின் பெயர், இயலாது என்று பொருள்படும் ‘பெரி’ என்ற சிங்களச் சொல்லின் இரட்டிப்பு என்று பலரும் விளக்குவர். ஆங்கிலேயப் படை 1803 இல் கண்டியைப் பிடித்து, நோயாலும் தோல்வியாலும் அழிந்த காலத்தில் இலங்கையில் இருந்த படை வைத்தியர் தோமஸ் கிறிஸ்ரி, பெரிபெரி பற்றி எழுதியது 1804 இல் அச்சேறியது. ஸ்கேர்வி நோயைத் தீர்க்கும் புளிப்புப் பழங்கள் இந்த நோயைத் தீர்க்கவில்லை என்பதைக் கவனித்த அவர், ஊட்டமற்ற உணவே இதற்குக் காரணம் என்றும், இரண்டு நோய்களுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமான இரசாயன வேறுபாடாக இருக்கலாம் என்றும் கருதினார். விற்றமின் என்ற சொல் பிறப்பதற்கு நூறாண்டுக்கு மேல் முந்திய ஊகம் அது. ஒரு சத்து இல்லாத குறையை வேறொரு சத்து நிரப்பாது என்ற பாடமும் அதில் இருந்தது.

அடுத்த பெரிய சான்றைத் தந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் தப்பினார்கள். இதை 1907 இல் மருத்துவர் பிரடன் எழுதினார். ஆய்வாளர்கள் பிரேசரும் ஸ்ரான்ரனும் 1909 இல் சோதனை செய்து, அரிசியில்தான் காரணம் இருக்கிறது என்று உறுதிப்படுத்தினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கண்டிச் சீமைத் தோட்டங்களிலும் அதே புழுங்கலரிசிச் சோறுதான். 1912 இல் கசிமிர் ஃபுங்க் இத்தகைய சத்துகளுக்கு விற்றமின் என்று பெயர் சூட்டினார்.

கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கொல்ஸ் 1930களில், தேரையின் முதுகுபோல் சொரசொரத்துப்போகும் தோல் நோயை விற்றமின் குறைபாட்டோடு தொடர்புபடுத்தினார். பிறகு வந்தது 1934-35 மலேரியா. குருநாகல், கேகாலை மாவட்டங்களைச் சூறையாடிக் கண்டியின் தாழ்வான பகுதிகளையும் தொட்ட அந்தக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உதவிக்குச் சென்ற, சூரியமல் என்ற அரசியல் இயக்கத்தின் தொண்டர்கள், கொய்னாவால் மட்டும் மக்களைக் காக்க முடியாது, பசியால் நலிந்த உடல் நோயைத் தாங்கவில்லை என்று கண்டார்கள். மார்மைட் என்னும் மதுவச் சாற்றை உருண்டைகளாக உருட்டி மக்களுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சாறு பி வகை விற்றமின்கள் நிறைந்தது. உருட்டிய மாத்திரை வடிவில் அது நாட்டு வைத்தியரின் குளிகையை ஒத்திருந்தது.

1973 இல் திரிபோஷ திட்டம் தொடங்கியது. தானியமும் சோயாவும் விற்றமின்களும் தாதுக்களும் கலந்த மாவு, 750 கிராம் பொதிகளாகக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் வழங்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைமடுவங்களிலும் அது உருண்டையாகப் பிடித்துக் கொடுக்கப்பட்டது. குடும்பநல மாது நிறுத்து எடை குறித்த பிள்ளை, சில மாதங்களில் தேறியதைத் தாய்மார் கண்ணால் கண்டார்கள். இவ்வாறு, பிள்ளையின் குறைக்குச் சத்தே மருந்து என்ற எண்ணம் பத்தியத்தின் பழைய அறிவோடு இசைந்து உறுதிப்பட்டது. மேற்சொன்ன வெற்றிகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. உடலில் ஒரு சத்து உண்மையாகவே இல்லாதிருந்தது. அதைக் கொடுத்ததும் நோய் நீங்கியது.

பேராதனையும் மருந்துப் பட்டியலும்

எது மருந்து, எது வீண்செலவு என்ற கேள்வியை நாடளவில் எழுப்பியவர் கண்டியோடு நெருங்கிய தொடர்புள்ளவர். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த சேனக்க பிபிலே, 1962 இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடத்தில் மருந்தியல் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் 1971 இல் அளித்த அறிக்கையிலிருந்து அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் பிறந்தது. இறக்குமதியான மருந்துகளின் எண்ணிக்கை சுமார் 2,100 இலிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டது. விலை கூடிய வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் பொதுப்பெயர் முன்னுக்கு வந்தது. ஒரு பொருளுக்குச் சான்று இருக்கிறதா, அதே பயனைக் குறைந்த விலையில் பெற முடியுமா என்று கேட்பது கொள்கையாயிற்று. பிபிலே 1977 இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன்பின் டொனிக் போத்தல்களும் பலவிற்றமின் பாணிகளும் கண்டி நகரப் பாமசிகளின் கண்ணாடி அலுமாரிகளை மீண்டும் நிரப்பின.

மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பொருட்களையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுத்தது. ஆனால் வெளிநாட்டு உறவினரின் பயணப்பெட்டியில் வரும் போத்தலை எந்த அலுவலகமும் பரிசோதிப்பதில்லை.

பெருமாத்திரை விற்றமின் பிறந்த கதை

ஓட்டிசத்தை 1943 இல் பதினொரு பிள்ளைகளின் விவரத்தோடு தனியாக அடையாளம் காட்டியவர் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கனர். அடுத்த இருபதாண்டுகளில், பிள்ளை இவ்வாறு ஆவதற்குத் தாயின் பாசக்குறைவே காரணம் என்ற கொடிய கருத்து பரவியது. அதை உடைத்தவர்களில் முதன்மையானவர் பேர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளரான அவர் ஓட்டிசமுள்ள மகனின் தந்தை. 1964 இல் வெளியிட்ட நூலில் ஓட்டிசம் உயிரியல் காரணத்தால் அமைவது என்று நிறுவினார். 1967 இல் சான் டியாகோவில் ஆய்வு நிலையம் தொடங்கினார். உலகெங்கும் பெற்றோரின் தோளிலிருந்து பழியை இறக்கிய பெருமை அவருக்கு உண்டு.

விற்றமின் சிகிச்சையும் அவரிடமிருந்தே பரவியது. 1950களில் ஹொஃபரும் ஒஸ்மண்டும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நயசின் என்ற விற்றமினைப் பேரளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1968 இல் லைனஸ் போலிங் அதற்கு ஒரு கோட்பாட்டுப் பெயரும் கொடுத்தார். தங்கள் பிள்ளைகளுக்கு விற்றமின் கொடுத்துப் பலன் கண்டதாகப் பெற்றோர் எழுதிய கடிதங்கள் ரிம்லண்டின் மேசையில் சேர்ந்தன. அவர் சுமார் இருநூறு பிள்ளைகளிடம் முயன்று பார்த்து, விற்றமின் பி6 நம்பிக்கை தருவதாகக் கருதினார். பிறகு அதனோடு மகனீசியமும் சேர்ந்தது. 1978 இல் பதினாறு பிள்ளைகளிடம் நடந்த அவரது ஆய்வு நல்ல விளைவைச் சொன்னது. பிரான்சின் தூர் நகரத்து ஆய்வாளரும் 1980களில் இதே பக்கம் நின்றார்கள்.

ஒரு மருந்தின் பலனைக் காண இரு குழுக்கள் தேவை. ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கப்படும். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிடும் வைத்தியருக்கும் தெரியாது. இந்த முறையில் பத்துப் பேரிடம் நடந்த 1997 ஆம் ஆண்டு ஆய்வில் பி6 பலன் தரவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்கிரேன் அமைப்பு தகுந்த ஆய்வுகளைத் தேடியபோது, 2005 ஆம் ஆண்டு மதிப்பாய்வில் கிடைத்தவை மூன்று. அவற்றில் இருந்தவர் மொத்தம் 33 பேர். அந்தச் சான்றை வைத்து இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்பதே அதன் முடிவு.

போலி மாத்திரை ஏன் தேவை என்பதை இன்னொரு நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. குடல் பரிசோதனைக்காகச் செக்ரெற்றின் என்ற ஓமோன் பெற்ற மூன்று பிள்ளைகள் பேச்சிலும் பார்வையிலும் முன்னேறியதாக 1998 இல் செய்தி வந்ததும், பெற்றோர் அதைத் தேடி ஓடினார்கள். 1999 இல் அறுபது பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், செக்ரெற்றின் பெற்றவர்களும் உப்புநீர் பெற்றவர்களும் ஒரே அளவில் முன்னேறியதாகத் தெரிந்தது. முடிவைக் கேட்ட பின்னரும் பெற்றோரில் 69 சதவீதத்தினர் அதில் ஆர்வம் குறையவில்லை என்றார்கள். பிள்ளை தானாகவே மெல்ல வளர்கிறது. எதிர்பார்த்து நோக்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. அன்புள்ள எந்தத் தாயும் தந்தையும் இதிலிருந்து தப்ப முடியாது.

கண்டிக்கு வந்த விதம்

இலங்கையில் ஓட்டிசம் எவ்வளவு என்பதை முதலில் அளந்து காட்டிய ஆய்வு 2009 இல் வெளியானது. சிறுவர் உளமருத்துவர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைச் சோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். மேல்நாட்டுச் சோதனை வினாக்கள் இங்குள்ள தாய்மாருக்குப் பொருந்தாததால், படங்களைக் காட்டிக் கேட்கும் சோதனை முறையையும் அவர்கள் 2017 இல் வெளியிட்டார்கள். கண்டியில் பேராதனை போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் மத்திய மாகாணமெங்கும் இருந்து பிள்ளைகள் வந்து சேரும் இடங்கள்.

நாவலப்பிட்டி, புசல்லாவை, தெல்தோட்டை, மடுல்கெலைப் பக்கங்களிலிருந்து விடியலில் பஸ் ஏறிப் பேராதனைக்கு வரும் தாய் அன்றைய நாட்சம்பளத்தை இழக்கிறாள். பெயர் பதிந்து, இலக்கம் எடுத்து, வாங்கில் காத்திருந்து வைத்தியரைக் கண்டால், பேச்சுச் சிகிச்சைக்குத் திகதி குறித்துத் தருவார்கள். பேச்சுச் சிகிச்சைக் கல்வி களனிப் பல்கலைக்கழகத்தில் 1990களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. மலையகத்தில் தமிழில் பயிற்சி தருபவர் இன்றும் மிகச் சிலர். வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சிங்களத்தில் பயிற்சி நடந்தால், வீட்டில் அதைத் தொடர்வது தாய்க்குப் பெரும் பாடு. அடுத்த தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, நாளைக்கே தொடங்கக்கூடியதாகக் கண்முன் நிற்பது போத்தலில் உள்ள விற்றமின். விற்றமின் வழி மலையகத்தில் இடம்பிடித்ததற்கு அறியாமையைவிட இந்த இடைவெளி பெரிய காரணம்.

போத்தல் பல வழிகளில் வருகிறது. கனடாவிலோ இலண்டனிலோ உள்ள சகோதரி அனுப்புகிறாள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் தந்தை கொண்டுவருகிறார். நகரப் பாமசியில் பி-கொம்ப்ளெக்ஸ் மாத்திரையும் மீனெண்ணெய்க் குளிகையும் யாரும் கேட்டு வாங்கலாம். அதற்குப் பத்தியமும் சேர்கிறது. கோதுமையும் பாலும் நிறுத்தும் மேல்நாட்டு உணவுமுறை, பத்தியத்தில் பழகிய வீட்டுக்கு அந்நியமாகப் படுவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இறக்குமதிப் பொருட்களின் விலை பலமடங்காகியது. அந்த நாட்களில் ஒரு விற்றமின் போத்தலுக்குப் போன பணம், அந்த வீட்டின் பால்மாவிலிருந்தும் முட்டையிலிருந்தும் கழிந்த பணம்.

நிறுத்துப் பார்த்தல்

விற்றமின் பி6 ஒரு வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 0.5 முதல் 0.6 மில்லிகிராம் வரை. சோறு, மீன், பருப்பு, வாழைப்பழம் உள்ள சாப்பாட்டில் இது கிடைத்துவிடும். அமெரிக்க வரையறைப்படி மூன்று வயது வரை 30 மில்லிகிராமும் எட்டு வயது வரை 40 மில்லிகிராமும் உச்ச எல்லை. ஓட்டிசத்துக்கென்று கொடுக்கப்பட்ட பெருமாத்திரைகளோ சில நூறு மில்லிகிராம். பி6 நீரில் கரைந்து வெளியேறிவிடும், கூடினாலும் கெடுதி இல்லை என்ற எண்ணத்தை 1983 இல் வெளியான ஓர் அறிக்கை தகர்த்தது. நாளுக்கு இரண்டு முதல் ஆறு கிராம் வரை உட்கொண்ட ஏழு பேருக்கு நரம்பு பாதிக்கப்பட்டு, கைகால் மரத்து, நடை தடுமாறியது. விற்றமின் ஏயும் டீயும் கொழுப்பில் கரைந்து உடலில் தங்குபவை. அளவு மீறினால் நஞ்சாகும். மகனீசியம் கூடினால் வயிற்றோட்டம் வரும். விற்றமினோடு சேர்த்துச் சிலர் பரிந்துரைத்த உலோக நீக்கச் சிகிச்சையில் 2005 இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

பேரளவு விற்றமின் உண்மையாகவே தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. பி6 இல்லாமல் வலிப்பு நிற்காத அரிய பிறவிக் கோளாறு 1954 இல் விவரிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே உயிர். மூளைக்குப் போதிய ஃபோலேற் செல்லாத பிள்ளைகளுக்கு ஃபோலினிக் அமிலம் பயன்படுகிறது. ஓட்டிசமுள்ள 48 பிள்ளைகளிடம் அதைச் சோதித்த ஓர் ஆய்வு பேச்சில் முன்னேற்றம் காட்டியது. 2025 செப்டெம்பரில் அமெரிக்க அரசு ஃபோலினிக் அமிலத்தை ஓட்டிசத்துக்கான சிகிச்சையாக முன்னிறுத்தி அறிவித்தது. ஆயினும் ஓட்டிசமுள்ள எல்லாப் பிள்ளைக்கும் அதை வழமையாகக் கொடுக்க அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கவில்லை. சான்று இன்னும் சிறியது.

சாதாரணக் குறைபாட்டையும் மறக்கக்கூடாது. ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் பலர் குறிப்பிட்ட சில உணவை மட்டுமே உண்பார்கள். வெறுஞ்சோறும் பிஸ்கட்டும் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளைக்கு இரும்புச்சத்தோ விற்றமின் டீயோ குறைந்திருக்கலாம். ஸ்கேர்வியும் பார்வைக் குறைவும் இத்தகைய பிள்ளைகளிடம் கண்டறியப்பட்டதுண்டு. இரத்தச் சோதனையில் குறை தெரிந்தால், வைத்தியர் சொல்லும் அளவில் அந்தச் சத்தைக் கொடுக்கவேண்டும். பிள்ளை சோர்வு நீங்கித் தெளியும். பயிற்சியில் கவனம் கூடவும் செய்யும். இது பெரிபெரிக்கும் திரிபோஷவுக்கும் உரிய பழைய வெற்றியின் தொடர்ச்சி. ஓட்டிசத்தை மாற்றும் மருந்து என்று இதை எடுத்துக்கொள்ளலாகாது.

பயிற்சியின் பக்கம் சான்று வலுவாக உள்ளது. தாய்மாரைப் பழக்கி வீட்டிலேயே செய்விக்கும் ஆரம்பகாலப் பயிற்சியால் பிள்ளைகள் முன்னேறியதை ஹேமமாலி பெரேரா குழுவினரின் 2016 ஆம் ஆண்டு ஆய்வு இலங்கைப் பிள்ளைகளிடமே காட்டியது. பிள்ளையின் முகத்துக்கு நேரே அமர்ந்து பேசுவது, கேட்கும் வரை பொருளைக் கையில் வைத்துக் காத்திருப்பது, விளையாட்டில் முறை மாறுவது ஆகியவை லயக் காம்பிராவிலும் செய்யக்கூடியவை. தமிழில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதே மலையகத்தின் முதன்மைத் தேவை.

விற்றமின் கொடுக்க எண்ணும் பெற்றோருக்கு இந்த வரலாறு நான்கு கேள்விகளைத் தருகிறது. பிள்ளையிடம் அந்தச் சத்து குறைந்திருப்பது சோதனையில் தெரிந்ததா? அளவு பிள்ளையின் வயதுக்குரிய எல்லைக்குள் உள்ளதா? பலன் உண்டென்று சொல்வது, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வா, ஒருவரின் அனுபவமா? அதற்குச் செலவாகும் பணமும் நாளும் உணவிலிருந்தோ பயிற்சியிலிருந்தோ பறிக்கப்படுகிறதா? இவற்றுக்குப் பின்னும் கொடுப்பதென்றால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கொடுத்து, பெயரையும் அளவையும் தொடங்கிய திகதியையும் எழுதிவைத்து, போத்தலையும் கிளினிக்குக்கு எடுத்துச்சென்று காட்டுவது நல்லது. வலிப்புக்கோ வேறெதற்கோ பிள்ளை எடுக்கும் மருந்தோடு அது முரண்படுகிறதா என்று வைத்தியர் பார்த்துச் சொல்ல அந்தக் குறிப்பு உதவும்.